புதனும் சனியும்

இத்தாலியின் வடமேற்கு மூலையில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ஆல்ப்ஸ் மலையில், ஒரு மண்சாலைக்கு நேர அட்டவணை உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புதன்கிழமையும் சனிக்கிழமையும் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை கார், ஜீப், மோட்டார் சைக்கிள் எதுவும் அதில் போகக்கூடாது. நடப்பவர்கள் போகலாம், சைக்கிளில் வருபவர்கள் போகலாம். அந்தச் சாலையின் பெயர் அஸ்ஸியேத்தா. சூசா பள்ளத்தாக்குக்கும் கிசோனே பள்ளத்தாக்குக்கும் நடுவே எழும்பி நிற்கும் மலைமுகட்டின் மேல், பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலேயே, முப்பது கிலோமீட்டருக்குக் கூடுதலாக ஓடுகிறது. தார் கிடையாது, ஊர் கிடையாது. குளிர்காலம் முழுக்கப் பனி மூடிக் கிடக்கும். பனி உருகி, சாலை திறந்து, மறுபடி பனி விழுவதற்குள் கிடைக்கும் சில மாதங்கள்தான் அதன் ஆயுள். அந்தக் குறைந்த ஆயுளில் வாரத்துக்கு இரண்டு நாளை எடுத்து, எஞ்சின் இல்லாதவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

டூரின் நகரில் வேலை பார்த்த காலத்தில் அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். மலைச்சாலை என்றால் என்ன என்பதைப் பற்றி எனக்குள் ஊறியிருந்த ஒரு எண்ணத்தை அது மாற்றியது.

நான் குன்னூரில் வளர்ந்தவன். எங்களுக்கு வளைவு என்றாலே ஹாரன்தான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒலி எழுப்பச் சொல்லும் பலகை நிற்கும். மேலேயிருந்து இறங்கும் பஸ்ஸின் ஹாரன் முதலில் வரும், பிறகு டீசல் வாடை, பிறகு பஸ். சைக்கிளில் பள்ளிக்குப் போன எங்களுக்கு அந்த வரிசை நன்றாகத் தெரியும். ஹாரன் கேட்ட உடனே இறங்கி, சைக்கிளைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து, பஸ் கடந்து போகும்வரை மூச்சடக்கி நிற்போம். மலையில் காது என்பது ஆபத்தை முன்கூட்டி அறிவதற்கான உறுப்பு என்றே பழகிவிட்டோம். தேயிலைக்குள் கூவும் பறவையைக் கேட்பதற்கு அதே காதில் இடம் மிச்சம் இருக்கவில்லை.

டூரினில் நான் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெரியவர் இருந்தார். கார்த் தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் முதன்முறை அஸ்ஸியேத்தாவுக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திரும்பி வந்து படிக்கட்டில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் பார்த்தார். சங்கிலியிலும் பையிலும் என் புருவத்திலும் வெள்ளைத் தூசி அப்பியிருந்தது. எங்கே போனாய் என்று கேட்டார். சொன்னேன்.

“ஞாயிற்றுக்கிழமையா போனாய்? அப்படியென்றால் நீ தூசியைத்தான் பார்த்திருப்பாய். புதன்கிழமை போ, இல்லையென்றால் சனிக்கிழமை. நானும் வருகிறேன்” என்றார்.

அவர் சொன்னது சரி. அந்த ஞாயிற்றுக்கிழமையில் ஜீப்புகளும் பெரிய மோட்டார் சைக்கிள்களும் வரிசையாக வந்தன. மணிக்கு 30 கிலோமீட்டர்தான் வேக வரம்பு, பலரும் அதை மதித்தே ஓட்டினார்கள். ஆனாலும் மண்சாலையில் ஒரு வண்டி போனால் அதன் பின்னால் தூசி அடங்கச் சில நிமிடங்கள் ஆகும், அதற்குள் அடுத்தது வந்துவிடும். வண்டிகளின் எடையால் சரளை இரண்டு பக்கமும் ஒதுங்கிக் குவிந்து, சைக்கிள் சக்கரம் அதில் புதையும். நான் அன்று முழுக்கப் பார்த்தது என் முன்சக்கரத்துக்கு முன்னால் இருந்த இரண்டு மீட்டர் மண்ணைத்தான்.

அடுத்து ஒரு புதன்கிழமைக்கு அலுவலகத்தில் விடுப்புச் சொன்னேன். பெரியவரிடம் மோட்டார் துணையுள்ள மின்சைக்கிள் இருந்தது. ஆனால் பேட்டரி முழு ஏற்றத்துக்கும் தாங்காது. அதனால் அவருடைய மகன் அவரைக் காரில் பாதி மலை வரைக்கும், 9 மணிக்கு முன்னால், கொண்டுவந்து விடுவதென்றும், நான் கீழே சூசாவிலிருந்து ஏறி வந்து சேர்ந்துகொள்வதென்றும் ஏற்பாடு.

சூசா பழைய ரோமானிய ஊர். அகஸ்டஸ் பேரரசருக்காக எழுப்பிய கல்வளைவு இன்றும் அங்கே நிற்கிறது. முந்தின நாள் ரயிலில் சைக்கிளோடு போய் அங்கே தங்கி, விடியும்போதே கிளம்பினேன். ஊர் இருப்பது சுமார் 500 மீட்டர் உயரத்தில். நான் ஏற வேண்டிய ஃபினெஸ்த்ரே கணவாய் 2,178 மீட்டரில். பதினெட்டரை கிலோமீட்டர் தூரம், சராசரியாக ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒன்பது மீட்டருக்கு மேல் ஏற்றம். முதல் பகுதி தார்ச்சாலை. கஷ்கொட்டை மரக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகிறது. கடைசி எட்டு கிலோமீட்டர் சரளை.

சைக்கிள் பந்தயம் பார்ப்பவர்களுக்கு அந்த எட்டு கிலோமீட்டர் நன்றாகத் தெரியும். ஜிரோ தி இத்தாலியா பந்தயம் 2005-இல் முதன்முறையாக அந்தச் சரளையில் ஏறியது. 2018-இல் கிறிஸ் ஃப்ரூம் முடிவுக்கோட்டுக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் இருக்கும்போதே அந்த ஏற்றத்தில் தனியாகப் பாய்ந்து போய்ப் பந்தயத்தையே புரட்டிப் போட்டார். அதே நாளில், அதுவரை முன்னணியில் இருந்த சைமன் யேட்ஸ் அங்கே நொடிந்து, அரை மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தங்கினார். ஏழு ஆண்டுகள் கழித்து, 2025-இல், அதே சரளையில் அதே யேட்ஸ் எல்லோரையும் விட்டு முன்னே போய், முன்னணியில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டையைப் பெற்று, ஜிரோவை வென்றார். ஒரு மலைச்சாலை ஒரு மனிதனிடமிருந்து பறித்ததைத் திருப்பிக் கொடுத்தது என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் பேசுவதில் நியாயம் இருக்கிறது.

சரளையில் ஏறுவதற்கு ஒரு பக்குவம் வேண்டும். தார்ச்சாலையில் செங்குத்து வந்தால் எழுந்து நின்று மிதிக்கலாம். சரளையில் எழுந்தால் பின்சக்கரத்தின் மேல் இருக்கும் பாரம் குறைந்து, டயர் கல்லைப் பிடிக்காமல் சுழன்றுவிடும். உட்கார்ந்தபடியே, உடம்பைக் கொஞ்சம் முன்னால் தாழ்த்தி, ஒரே சீராக மிதிக்க வேண்டும். கடைக்காரர்கள் கிராவல் பைக் என்று விற்கும் வகை இதற்கென்றே அமைந்தது. பார்க்கப் பந்தய சைக்கிள் மாதிரியே வளைந்த ஹேண்டில்பார் இருக்கும். டயர் மட்டும் அகலம், நாற்பது மில்லிமீட்டரோ அதற்கு மேலோ. காற்றையும் பந்தய சைக்கிளில் அடிப்பதில் பாதியளவுதான் அடிப்போம். காற்றுக் குறைந்த டயர் கல்லின் மேல் துள்ளாமல் அதைக் கவ்விக்கொண்டு உருளும். பின்னால் இருக்கும் மிகப்பெரிய பல்சக்கரம் முன்னால் இருப்பதைவிடப் பெரிது. அதனால் பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாலும் சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவாகவே நகரும். நடப்பவரை விடக் கொஞ்சம்தான் வேகம். ஆனால் நிற்காமல் போகலாம்.

ஃபினெஸ்த்ரே சாலைக்கு அந்தப் புதன், சனிக் கட்டுப்பாடு கிடையாது. அதிகாலை என்பதால் வண்டி அதிகம் வரவில்லை. கணவாயின் உச்சியில் ஒரு சிறிய படைக்கோட்டையின் இடிபாடு நிற்கிறது. அங்கிருந்து மறுபக்கம் தார்ச்சாலையில் சிறிது தூரம் இறங்கினால் பியான் தெல் ஆல்பே என்ற புல்வெளி. அங்கேதான் அஸ்ஸியேத்தா சாலை பிரிகிறது. பெரியவர் ஏற்கெனவே வந்து, தெர்மாஸிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். சாலை பிரியும் இடத்தில் நாளும் நேரமும் எழுதிய பலகை. தடுப்பு, போலீஸ், சங்கிலி எதுவும் நான் பார்க்கவில்லை. அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் சில கார்கள் ஓரமாக நின்றன, வந்தவர்கள் அவற்றின் கூரையிலிருந்து சைக்கிள்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் உள்ளே போனோம்.

முதல் வளைவில் என் கை தானாகவே பிரேக்கை அழுத்தியது. உள்பக்கச் சரிவோடு ஒட்டிப் போனேன். மூன்றாவது, நான்காவது வளைவு வரைக்கும் அப்படித்தான். எதிரே ஏதோ வரப்போகிறது என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருந்தது. பெரியவர் சாலையின் நடுவில் போனார். என்னையும் பக்கத்தில் வரச் சொன்னார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், பேசிக்கொண்டே, ஒரு மலைச்சாலையின் நடுவில் போவதை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. சைக்கிளில் போகும்போது பேச முடிவது என்பதே எனக்குப் புதிது. குன்னூரில் நாங்கள் எப்போதும் ஒருவர் பின் ஒருவராகத்தான் போனோம், சத்தம் போட்டுத்தான் பேசினோம்.

பிறகு காது திறந்தது. டயருக்கடியில் சரளை நொறுங்கும் ஓசை. அது இடத்துக்கு இடம் மாறுகிறது. அந்த மலையின் பாறை தகடு தகடாக உடையும் சாம்பல் நிறக் கல். மெல்லிய தகடுகள் கிடக்கும் இடத்தில் ஓடு உடைவது போல் கேட்கும், மண் இறுகிய இடத்தில் ஒன்றுமே கேட்காது. கீழே எங்கோ மாட்டுமணி. கோடையில் பள்ளத்தாக்கிலிருந்து மாடுகளை மேலே ஓட்டி வந்து, பனிக்கு முன்னால் இறங்கும்வரை இங்கேயே மேய விடுகிறார்கள். அந்தப் பாலில் அங்கேயே பாலாடைக்கட்டி செய்கிறார்கள். பிறகு கூர்மையான ஒரு விசில். மர்மோட் என்ற, பூனை அளவுள்ள, அணில் இனத்து விலங்கு. வளைக்கு வெளியே பின்காலில் எழுந்து நின்று, கழுகைக் கண்டாலோ மனிதனைக் கண்டாலோ கூட்டத்துக்கு எச்சரிக்கை கொடுக்கும். எங்களைக் கண்டுதான் அது விசிலடித்தது. அதன் காதும் ஆபத்தை அறியத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நாங்கள் மெதுவாகத்தான் வந்தோம், அது வளைக்குள் போகாமல் அங்கேயே நின்று பார்த்தது.

வழியில் ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, எட்டு ஒன்பது வயது இருக்கக்கூடிய ஒரு சிறுமி. அவளுடைய சைக்கிளைக் கயிற்றால் அப்பாவின் சைக்கிளோடு கட்டியிருந்தார்கள். ஏற்றத்தில் அவர் இழுத்தார், சமதளம் வந்ததும் அவள் கயிற்றைக் கழற்றச் சொல்லி முன்னால் போனாள், சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வளைந்து வளைந்து. யாரும் அவளை ஓரமாகப் போகச் சொல்லவில்லை. அம்மா அவள் முதுகைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு குழந்தையின் தாய் மலைச்சாலையில் நிமிர்ந்து மலையைப் பார்க்க முடிகிறது என்றால், அந்த இரண்டு நாள் ஏற்பாடு யாருக்காக என்பது விளங்கிவிடுகிறது. பயிற்சி பெற்ற என்னைப் போன்றவன் தூசியிலும் ஓட்டிவிடுவான். அந்தச் சிறுமியால் மற்ற நாளில் அங்கே வரவே முடியாது.

சாலை ஏறிக்கொண்டே போனாலும் கால் வலிக்கவில்லை. ஃபினெஸ்த்ரேயின் கொடுமை இங்கே இல்லை. ஏன் என்று பெரியவர் விளக்கினார். இது சுற்றுலாவுக்குப் போட்ட சாலை இல்லை, பீரங்கிக்குப் போட்ட சாலை. 1882-இல் இத்தாலி ஜெர்மனியோடும் ஆஸ்திரியா-ஹங்கேரியோடும் கூட்டுச் சேர்ந்தது. அண்டை நாடான பிரான்ஸ் அன்று முதல் எதிரிப் பக்கம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எல்லை மலைகளின் உச்சிகளில் எல்லாம் கோட்டைகளும் பாசறைகளும் எழுந்தன, அவற்றை இணைக்க இப்படிப்பட்ட சாலைகளைப் படையினர் வெட்டினார்கள். கோவேறு கழுதைகள் பீரங்கியை இழுத்துக்கொண்டு ஏற வேண்டும், இறங்கும்போது பீரங்கி கழுதையின் மேல் சரியக் கூடாது. அதனால் செங்குத்தாக எங்கேயும் போகாமல், மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, சீரான சரிவில் வழி பிடித்தார்கள். அந்தச் சரிவு கழுதைக்கு எவ்வளவு பொருந்தியதோ, அவ்வளவு இன்று சைக்கிளுக்கும் பொருந்துகிறது.

போர் அந்த முகட்டுக்குப் புதிதும் அல்ல. 1747 ஜூலை 19 அன்று, ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரின்போது, பிரெஞ்சுப் படை இந்த மலையைக் கடந்து டூரினை நோக்கி இறங்க முயன்றது. கற்களை அடுக்கிய அரண்களுக்குப் பின்னால் நின்று, எண்ணிக்கையில் மிகக் குறைந்த, டூரின் பகுதியான பியமோந்தேயின் படை அதைத் தடுத்து நிறுத்தியது. பிரெஞ்சுத் தளபதி பெல்-இல் அங்கேயே மடிந்தார். பிரெஞ்சுத் தரப்பில் இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் ஆயிரக்கணக்கானோர். ஒரே நாளில், சில மணி நேரத்தில். 2,472 மீட்டர் உயரமுள்ள அஸ்ஸியேத்தா கணவாய்க்கு மேலே, புல் மூடிய அந்த இடத்தில் இன்று ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. நாங்கள் சைக்கிளைக் கீழே வைத்துவிட்டு நடந்து போய்ப் பார்த்தோம்.

அங்கிருந்து சாலை இன்னும் உயர்ந்து 2,500 மீட்டரைத் தாண்டுகிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். மூச்சு வாங்குகிறது, ஆனால் எரிச்சலூட்டும் புகை கலக்காத காற்று என்பதால் எவ்வளவு ஆழமாக இழுத்தாலும் தொண்டை மறுக்கவில்லை. ஒரு பக்கம் 3,538 மீட்டர் உயரமுள்ள ரோச்சமெலோனே. தெற்கே தொலைவில், மற்ற சிகரங்களை விட்டு ஒதுங்கித் தனியாக, 3,841 மீட்டரில் மோன்விசோ. மேற்கே ஷாபெர்தோன். அந்தச் சிகரத்தின் உச்சியில், 3,131 மீட்டர் உயரத்தில், இத்தாலியப் படை எட்டுக் கோபுரங்களில் எட்டுப் பீரங்கிகளை வைத்திருந்தது. 1940 ஜூன் 21 அன்று பிரெஞ்சு மார்ட்டர்கள் அவற்றில் ஆறை உடைத்தன. போருக்குப் பின் 1947 உடன்படிக்கையில் சிகரமே பிரான்ஸுக்குப் போனது.

அங்கே உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டோம். பெரியவர் அன்று அதிகம் பேசியது அந்த இடத்தில்தான். “கார்தான் எனக்கு வீடு கொடுத்தது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது. காரை வெறுக்க எனக்கு வாய் வராது. ஆனால் அதற்காக எல்லாச் சாலையையும் எல்லா நாளும் அதற்கே கொடுத்துவிட வேண்டுமா?” என்றார். யாரிடமும் வாதாடுகிற குரல் அல்ல. வாழ்நாளெல்லாம் தன் கையால் செய்த பொருளின் மேல் மதிப்புள்ள ஒருவர், அந்தப் பொருளுக்கு ஒரு எல்லை வேண்டும் என்று நினைத்துச் சொன்ன சொல்.

மதியத்துக்குப் பிறகு மேகம் திரளும், கோடையில் அந்த முகட்டில் இடி விழும், ஒதுங்க மரம்கூடக் கிடையாது. அதனால் அதிகம் தாமதிக்காமல் கிளம்பினோம். பிளெஜியே, கோஸ்தா பியானா, பூர்ஜே என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கணவாய்கள். ஒவ்வொன்றிலும் சாலை முகட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தாண்டுகிறது. ஒரு பள்ளத்தாக்கு மறைந்து இன்னொன்று விரிகிறது. கடைசியாக 2,424 மீட்டரில் பாஸெத் கணவாய். அங்கிருந்து இறங்கினால் செஸ்த்ரியேரே.

இறங்குவதில்தான் எனக்குப் பெரிய மாற்றம் தெரிந்தது. சரளையில் இறங்கும்போது பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து விட்டுவிட வேண்டும், வளைவுக்குள் பிடித்தால் முன்சக்கரம் சறுக்கும். பார்வையை வளைவின் முடிவில் வைக்க வேண்டும். வண்டி வரும் சாலையில் என்னால் இதைச் செய்ய முடிந்ததே இல்லை. பார்வை எப்போதும் வளைவுக்குப் பின்னால் மறைந்திருப்பதைத் தேடும். அன்று முதல்முறையாகச் சாலை எங்கே போகிறதோ அங்கேயே பார்த்து இறங்கினேன்.

செஸ்த்ரியேரேயில் இரண்டு உருளை வடிவக் கோபுரங்கள் தூரத்திலிருந்தே தெரியும். 1930-களில், ஃபியட் கார் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான ஜொவான்னி ஆன்யெல்லி பனிச்சறுக்கு விளையாட்டுக்கென்று அந்த ஊரை எழுப்பியபோது கட்டிய விடுதிகள். கார் செய்தவர்கள் கட்டிய ஊருக்கு மேலேயே, கார் வராத சாலை. மாலை 5 மணி ஆகச் சிறிது நேரம் இருந்தது. தடைப் பலகைக்கு அருகே நான்கைந்து மோட்டார் சைக்கிள்கள் எஞ்சினை அணைத்து நின்றன. ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் புல்லில் உட்கார்ந்து மணி ஆவதற்காகக் காத்திருந்தார்கள். மேலே சாலை எப்படி இருக்கிறது என்று எங்களைக் கேட்டார்கள். மண் இறுகியிருக்கிறது, ஒன்றிரண்டு இடத்தில் பள்ளம் இருக்கிறது என்று பெரியவர் விவரமாகச் சொன்னார். நன்றி சொன்னார்கள். எங்கள் நேரம் முடிந்தது, அவர்கள் நேரம் தொடங்கியது. சச்சரவுக்கு அங்கே ஒரு காரணமும் இல்லை.

மலையின் அமைதி இயற்கையாக வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கூட்டம் வராத இடத்துக்குப் போனால் கிடைக்கும், கூட்டம் வந்தால் போய்விடும், நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று. அஸ்ஸியேத்தாவில் கூட்டம் வருகிறது, சாலை பெயர் பெற்றது, இருந்தும் அமைதி இருக்கிறது. காரணம், சிலர் உட்கார்ந்து பேசி, நாளையும் நேரத்தையும் குறித்து, அதை எழுதி மாட்டினார்கள். மற்றவர்கள் மதித்தார்கள். யாரையும் நிரந்தரமாக வெளியே நிறுத்தவில்லை.

நமக்கும் இது அந்நியமான யோசனை இல்லை. முதுமலையை அடுத்த பந்திப்பூர் காட்டுச்சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டிகளை நிறுத்தியிருக்கிறோம். இரவை யானைக்கும் மானுக்கும் விட்டுக்கொடுத்தோம், பகலில் வியாபாரமும் பயணமும் நடக்கின்றன. 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். மலைக்கு ஒரு தாங்கும் அளவு உண்டு என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டுவிட்டது. அடுத்து எடுக்க வேண்டிய அடி சிறியது. பெரிய நெடுஞ்சாலையைத் தொட வேண்டாம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஊர்களை இணைக்கும் ஏதாவது ஒரு பழைய சிறு சாலையை, மாற்றுவழி உள்ள ஒன்றை, வாரத்தில் இரண்டு காலைப் பொழுது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விடலாம். ஆம்புலன்ஸும் அந்த ஊர்க்காரர்களின் வண்டியும் போகட்டும். தோட்டத்துக்கு நடந்து போகும் பெண்கள் அந்தக் காலையில் சுவரோடு ஒதுங்காமல் சாலையின் நடுவில் பேசிக்கொண்டு போகலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் பக்கத்தில் பக்கத்தில் போகலாம். குன்னூரில் இதைக் கேட்கப் போகிறேன். எந்தச் சாலை, எந்த நாள் என்பதை அந்தச் சாலையில் தினமும் நடப்பவர்கள் சொல்லட்டும்.